மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கிற காரணம்

அஞ்சிக்கோ கிராமம்,
ஜூலை 6.

ஜெபமாலை மாதாவுக்கு மகிமை உண்டாகட்டும்.

அன்பான ஜசியாராவுக்கு உன் ஜுல்மீரா அத்தை எழுதுறது. இங்க எனக்கு ரத்தக்கொதிப்பு, உன் மாமாவுக்கு முட்டி வலி. அதைத் தவிர ஆண்டவர் புண்ணியத்துல ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம். சாவோ பாவ்லோவுல குளிர் ஜாஸ்தின்னு டிவியில காட்டினான். கழுத்துக்குத் துணி சுத்திக்காம வெளிய போகாதே. சின்னதுலயே உனக்குத் தொண்டைதான் முதல்ல கட்டும்.

நீ அனுப்புன பார்சல் போன மாசக் கடைசியிலயே வந்துடுச்சு. தபால் வண்டிக்காரன் கடையில போட்டுட்டுப் போயிட்டான், லிந்தாவ்ராதான் தூக்கிட்டு வந்தா. பக்கத்து வீட்டு லிந்தாவ்ரா, உனக்கு ஞாபகம் இருக்கும், கோயில்ல முதல் வரிசையில உக்காந்துக்கிட்டு யார் வரலைன்னு எண்ணுவாளே அவதான். கவரை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, “என்ன ஜுல்மீரா, கோர்ட்டு நோட்டீஸா? இத்தனை கனமா இருக்கே, என்னடி பண்ணித் தொலைச்சே?”ன்னா. வாங்கி உன் பேரைப் பாத்தேன், பிரிச்சா நீ எழுதின புத்தகம், இன்னும் அச்சுக்குப் போகாத பேப்பர் கட்டு.

நான் நாலாங்கிளாஸ் படிச்சவ. ஒவ்வொரு வரிக்கும் அடியில விரலை வச்சுக்கிட்டுத்தான் படிக்க வரும். மாமா மொச்சை உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, நான் சத்தமா வாசிப்பேன். நம்ம வீட்டைப் பத்தின மூணாவது அத்தியாயம் முடிக்க மட்டும் நாலு நாள் ஆச்சு. ஃபோன்லயே பேசிப் பதிவு பண்ணி அனுப்பிடேன்னு மாமா சொன்னாரு. பண்ணிப் பாத்தேன் தங்கம். பட்டனை அமுக்கினதும் எனக்கு அழுகை வருது. மூணு தடவை அழிச்சுட்டேன். நாலாவது தடவை சேவல் கூவிடுச்சு. அதான் பேப்பர்லயே எழுதிடலாம்னு.

நல்லா எழுதியிருக்கே. எங்க வீட்டு அடுப்பு, பின்னால இருக்கிற கொய்யா மரம், காப்பி காயப்போடுற களம் எல்லாம் கண்ணு முன்னால வருது. ஆனா சிலதை நீ மாத்தணும். நாய் பேரு லியாவ் இல்ல, பிராட்டா. ஒரு கண்ணுல கறுப்பு இருந்ததால கடல் கொள்ளைக்காரன்னு மாமா வச்ச பேரு. கொய்யாப்பழம் காய்ச்சுறப்ப நான் உன்னைக் கிட்ட விடலேன்னு எழுதியிருக்கே. ஏன் விடல? அது எரிமலை மாதிரி தெறிக்கும், என் கையில இன்னும் மூணு தழும்பு இருக்கு. கடைசியில சட்டியை வழிச்சுத் தின்னது யாரு? அதை எழுதலியே! எனக்குப் பெரிய கைன்னு எழுதியிருக்கே பாரு, அதைக் கேட்டு மாமா அரை மணி நேரம் சிரிச்சாரு. நான் கோயில்ல ராகம் தப்பிப் பாடுவேன்னு எழுதினது மட்டும் அப்படியே இருக்கட்டும். லிந்தாவ்ராகிட்ட அதை வாசிச்சுக் காட்டினேன், அச்சுல வரப்போவுது பாத்தியான்னு. “அது ஊருக்கே தெரியுமே, அதுக்கு எதுக்குப் புத்தகம்?”ங்கிறா.

நாலாவது வீட்டைப் பத்தி எழுதினதை நான் முழுசாப் படிக்கல. கோச்சுக்காதே. அந்த ஆளு கதவைப் பூட்டினான்னு வர்ற இடம் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல முடியல, எழுந்து போய் ஒரு கோழியை அறுத்தேன். அன்னைக்குக் கோழி தேவையே இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம வீட்டை விட்டு உன்னை ஏன் கூட்டிட்டுப் போனாங்கங்கிறதுக்கு நீ ஒரு காரணம் எழுதியிருக்கே. உனக்கு ஏழு வயசு. என்னோட கறுப்பு மாதா சொரூபத்தைத் தூக்கி விளையாடினே, கை நழுவிக் கழுத்துல உடஞ்சு போச்சு, பயந்துக்கிட்டு ரெண்டு துண்டையும் கிழங்கு மாவு டின்னுல புதைச்சு வச்சே. மூணு நாள் கழிச்சு கார் வந்துச்சு. ‘அத்தைக்கு மாதான்னா உயிர். மாதாவை உடச்சவளை வீட்டுல வச்சுக்குவாங்களா? திருப்பி அனுப்பிட்டாங்க. நான் போறப்ப வெளிய வந்துகூடப் பாக்கல’ன்னு எழுதியிருக்கே.

கண்ணு, அந்தச் சொரூபம் உடஞ்சதே எனக்குத் தெரியாது. நீ போய் மூணு மாசம் கழிச்சு பிஸ்கட் சுட மாவு அள்ளினப்பதான் கையில தலை தட்டுப்பட்டுச்சு. பூனை தட்டிவிட்டுருக்கும், மாமா ஒளிச்சு வச்சிருப்பாருன்னு அவரை ஒரு பாட்டம் திட்டினேன். பாவம் அந்த மனுஷன், செய்யாத தப்புக்கு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. உடஞ்ச சொரூபத்தைக் குப்பையில போடக் கூடாதுல்ல, எடுத்துட்டுப் போய் ரோட்டோரச் சிலுவைக்கு அடியில வச்சுட்டு வந்தேன். அவ்வளவுதான் அதுக்கும் உனக்கும் இருக்கிற கணக்கு.

அதனால அந்தக் காரணம் சரியில்ல. அந்த வரியை எடுத்துடு. அது பெரியவங்க விஷயம், கோர்ட்டு விஷயம், அதுல குழந்தை செஞ்சது ஒண்ணும் இல்லன்னு மட்டும் போட்டுடு. அது போதும்.

டிசம்பர்ல வர்றேன்னு எழுதியிருக்கியே, அதை நான் இன்னும் லிந்தாவ்ராகிட்டகூடச் சொல்லல. மெத்தையை வெயில்ல போட்டேன். இப்பவே எதுக்குடி, இன்னும் அஞ்சு மாசம் இருக்கேன்னு மாமா கேக்குறாரு. கேட்டுட்டு அவரேதான் போய் அந்த ரூம் ஜன்னலுக்கு எண்ணெய் விட்டாரு.

மாதா உன்னைத் தன் முந்தானையில மூடி வச்சிருக்கணும்.

உன் அத்தை,
ஜுல்மீரா


அஞ்சிக்கோ,
ஆகஸ்ட் 3.

மாதாவே துணை.

ஜசியாராவுக்கு,

உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்துச்சு. நாலு வரி. ‘அத்தை, அது காரணம் இல்லேன்னா காரணம் எது? பதினெட்டாம் தேதி புத்தகம் அச்சுக்குப் போகுது. பதினாறு வருஷமா நான் தூக்கிட்டுத் திரிஞ்ச காரணத்தைச் சும்மா எடுத்துடுன்னா எடுக்க மாட்டேன். வேற ஒண்ணு குடுங்க, எடுக்கிறேன்.’ அவ்வளவுதான். முடிவுல ‘அன்புடன்’னுகூட இல்ல.

ரெண்டு நாள் நான் அதை ஏப்ரன் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மாமாகிட்ட காட்டினேன். அவரு படிச்சுட்டு, “சொல்லிடு ஜுல்மீரா”ன்னாரு. சொன்னா அவ வர மாட்டாளேன்னேன். “வராட்டி வர வேண்டாம். அந்தப் பொண்ணு தப்பான சுமையைத் தூக்கிட்டுத் திரியுது, அதை இறக்கி வை”ன்னுட்டுத் தொழுவத்துக்குப் போயிட்டாரு. உனக்குத்தான் அவரைத் தெரியுமே. ஒரு வருஷத்துக்கு ஆகுற பேச்சை ஒரே நாள்ல பேசிட்டாரு.

சொல்றேன். நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டே போறேன், நடுவுல நிறுத்தாம நீயும் படி.

நீ எங்ககிட்ட வந்தப்ப உனக்கு அஞ்சு வயசு. உங்கம்மா எட்னால்வாவுக்குக் குடிப்பழக்கம், உடம்பும் சரியில்ல. அதனால கோர்ட்டுல உன்னைக் கொஞ்ச நாள் வச்சுப் பாத்துக்கச் சொல்லி எங்ககிட்ட குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. இந்தக் குழந்தையை நாங்க தத்துக் கேக்க மாட்டோம், எப்ப கேட்டாலும் திருப்பிக் குடுப்போம்னு. மார்லூசின்னு கோர்ட்டுல இருந்து ஒரு பொண்ணு வரும், சுருட்டை முடி, உனக்கு ஸ்டிக்கர் கொண்டு வருமே. அதுதான் ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுச்சு. பாசம் வைக்கணும், ஆனா சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னுச்சு. நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்ப என்ன தெரியும்? கோழிக்குஞ்சுமேலகூட அப்படிப் பாசம் வைக்க எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் குழந்தை இல்லேன்னு உனக்குத் தெரியும். ஏன் இல்லேன்னு எழுதினா அது வேற கதை. நீ வந்து ஒரு வருஷம் ஒம்பது மாசம் ஆச்சு. மாசா மாசம் முதல் சனிக்கிழமை உன்னை டவுனுக்குக் கூட்டிட்டுப் போவேன், அங்க ஆபீஸ் ரூம்ல உங்கம்மா வருவா. முதல்ல கை நடுங்கிக்கிட்டு வருவா. அப்புறம் அப்புறம் தலை சீவி, சுத்தமான சட்டை போட்டு வர ஆரம்பிச்சா. நாலு மாசமா குடிக்கலன்னு மார்லூசி சந்தோஷமாச் சொல்லுச்சு. ஆகஸ்ட்ல ஜட்ஜு பாப்பாரு, குழந்தையை அம்மாகிட்ட குடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாருன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து உன் துணியை எடுத்து எடுத்து மடிச்சு வச்சேன்.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நீ இன்னும் ஞானஸ்நானம் வாங்கல. நம்ம கோயிலுக்குச் சாமியார் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு, அடுத்தது ஜூன் மாசம் அருளப்பர் திருநாளைக்கு வர்றாரு. உனக்கு நான் ஞானத்தாயா நின்னுட்டா? நம்ம பக்கம் ஞானத்தாய்னா என்னன்னு உனக்குத் தெரியும். ரெண்டாவது அம்மா. செத்தாலும் அறுக்க முடியாத உறவு. பெத்தவளும் ஞானத்தாயும் கூடப்பிறந்தவங்க மாதிரி ஆயிடுவாங்க, ஒருத்தியை ஒருத்தி ‘கொமாத்ரே’ன்னுதான் கூப்பிடணும், சண்டை போடக்கூடக் கூடாது. அப்ப நீ எட்னால்வாகிட்டப் போனாலும் உன்னைப் பாக்க எனக்கு உரிமை இருக்கும். எந்த ஜட்ஜும் இல்லேன்னு சொல்ல முடியாது. அப்படி நெனச்சேன்.

மாமா வேண்டான்னாரு. “பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கோம் ஜுல்மீரா. அவங்க அம்மாவைக் கேக்கணும்”ன்னாரு. அது கோர்ட்டுக்குப் போட்ட கையெழுத்து, இது ஆண்டவர் காரியம், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னு அவர் வாயை அடச்சுட்டேன். ஒலாவோ சாமியார், பெரிய சாமியாரு, இப்ப இல்ல, காலமாயிட்டாரு, அவரு என்னைக் கேட்டாரு: “பெத்தவளுக்குச் சம்மதமாம்மா?” நான் சம்மதம்தான் சாமின்னேன். அவரு என் முகத்தைப் பாத்தாரு. முப்பது வருஷமா கோயில் பீடத்துக்குப் பூ வைக்கிறவ பொய் சொல்லுவாளான்னு நெனச்சிருப்பாரு. சொன்னேன். பீடத்துக்கு முன்னால நின்னு, முக்காடு போட்டுக்கிட்டுச் சொன்னேன்.

ஞானஸ்நானத்துக்கு நான் தச்ச அந்த வெள்ளைக் கவுனை நீ புத்தகத்துல எழுதியிருக்கே. ‘என் வாழ்க்கையில யாரோ எனக்காகவே தச்ச ஒரே உடுப்பு’ன்னு. அந்த இடத்துல நான் வாசிக்கிறதை நிறுத்திட்டேன். ஏன் நிறுத்தினேன்னு மாமாவுக்குத் தெரியும்.

இதோட விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என் புத்தி சும்மா இருக்கலியே. ஞானஸ்நானம் ஆச்சு, பெத்தவளுக்குச் சொல்ல வேண்டாமா, இனிமே அவளும் நானும் கொமாத்ரே ஆச்சேன்னு எனக்கு ஒரே பூரிப்பு. சத்தியமாச் சொல்றேன், அவ சந்தோஷப்படுவான்னுதான் நெனச்சேன். மக்காச்சோளக் கேக்குல ஒரு பெரிய துண்டு வெட்டி, நல்ல தட்டுல வச்சு, கைவேலை போட்ட துணியால மூடி, மேல உன் ஃபோட்டோவையும் வச்சு, ஜூலை முதல் சனிக்கிழமை டவுனுக்குக் கொண்டு போனேன். நீ மார்லூசிகூடப் பக்கத்து ரூம்ல படம் வரஞ்சுக்கிட்டு இருந்தே. அதனாலதான் உனக்கு எதுவும் தெரியாது. உங்கம்மா உள்ள வந்தா. நான் எழுந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, வாங்க கொமாத்ரேன்னேன்.

அவளுக்கு முதல்ல புரியல. துணியை விலக்கினா. ஃபோட்டோவைப் பாத்தா. வெள்ளைக் கவுன், மெழுகுவத்தி, பக்கத்துல நான். அவ முகம் மாறினதை நான் இன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

“யாரைக் கேட்டுடி செஞ்சே?”ன்னா. சத்தமாக்கூட இல்ல. “சோறு போட்டே, சரி. தலை வாரினே, சரி. என் புள்ளை உன்னை அத்தை அத்தைன்னு சுத்துது, அதுவும் சரி, பொறுத்துக்கிட்டேன். எனக்குன்னு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதானே! நீதான்டி அவளுக்கு ஞானத்தாய்னு சாகக் கிடந்த என் தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பொழச்சு வந்தா அவ நிப்பா, இல்லேன்னா அவ பேரைச் சொல்லி நானே நிப்பேன்னு இருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டியே!” அப்புறம் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சா. தட்டு உடஞ்சு, கேக்கு எல்லாம் ஃபைல்மேல விழுந்துச்சு. சத்தம் கேட்டு மார்லூசி ஓடி வந்துச்சு. உனக்குச் சத்தம் கேட்டிருக்கும். என்ன அத்தை உடஞ்சுதுன்னு பஸ்ஸுல கேட்டே. ஒண்ணுமில்லடி, ஜன்னல்னேன்.

எட்னால்வா அன்னைக்கு உன்னைப் பாக்காமலே போயிட்டா. அதுக்கப்புறம் அவ வரல. ‘அந்த வருஷம் அம்மா வர்றதை நிறுத்திட்டாங்க, ஏன்னு யாரும் சொல்லல’ன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கியே கண்ணு, ஏன்னு இதுதான். ஆகஸ்ட்ல ஜட்ஜு கூப்பிட்டப்ப அவ போகல. மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு மார்லூசி சொல்லுச்சு. இது நடக்காட்டியும் அவ என்னைக்காவது விழுந்திருப்பான்னு மாமா சொல்றாரு. என் மனசு ஆறட்டும்னு சொல்றாரு. ஆறல. நாலு மாசம் நிக்க முடிஞ்சவளுக்கு அஞ்சாவது மாசமும் நிக்க முடிஞ்சிருக்கும்ல? யாருக்குத் தெரியும்? கேக்கிறதுக்கு அவளும் இப்ப இல்ல. அவ போனதே உன் புத்தகத்தைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு மார்லூசி தனியா வந்துச்சு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு. “ஜுல்மீரா, நீங்க சொந்தக்காரி மாதிரி நடந்துக்கிட்டீங்கன்னு ஜட்ஜு சொல்றாரு. அம்மாகிட்ட இருந்து பிரிக்கப் பாக்கிறீங்கன்னு எழுதியிருக்காங்க. குழந்தையை வேற இடத்துக்கு மாத்தணுமாம். என்னால ஒண்ணும் பண்ண முடியல”ன்னுச்சு. மாமா மறுநாளே டவுனுக்குப் போய்க் கோர்ட்டு வாசல்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு. யாரும் உள்ள விடல. நான் ஒலாவோ சாமியாருக்கு லெட்டர் எழுதினேன். அவரு நல்ல மனுஷன், ஜட்ஜுகிட்டப் பேசியிருப்பாரு. ஆனா அவருக்கு எழுதறதுன்னா பொய் சொன்னதையும் எழுதணும். கிழிச்சுப் போட்டுட்டேன். அப்பவும் எனக்கு என் மானம்தான் பெருசாத் தெரிஞ்சுச்சு.

கார் வந்த அன்னைக்கு நான் வெளிய வரலேன்னு எழுதியிருக்கே. நிஜம்தான். குழந்தை முன்னால அழக் கூடாது, நீங்க அழுதா அது கார்ல ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. நான் பின்னாடி மண் அடுப்புக்குப் பக்கத்துல குத்த வச்சு, ஏப்ரனை வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ ரெண்டு தடவை அத்தைன்னு கூப்பிட்டே. மூணாவது தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். நீ கூப்பிடல. நல்ல பொண்ணு, சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு. போய் ஏறிட்டே.

அதுக்கப்புறம் உன்னை எங்க வச்சிருக்காங்கன்னே சொல்ல மாட்டேன்னுட்டாங்க. குழந்தைங்களைப் பாத்துக்கக் குடுக்கிற வீட்டு லிஸ்டுல இருந்து எங்க பேரையும் அடிச்சுட்டாங்க. உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிஸ்கட் சுட்டு அந்த ஆபீஸுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கி வச்சுக்குவாங்க. நீ ஒண்ணுகூடப் பாத்ததா எழுதல. பதினோரு வருஷம் யாரு தின்னாங்களோ.

உன் புத்தகத்துல ஏழு வீடு வருது. எங்களுது ரெண்டாவது. மிச்ச அஞ்சு வீட்டுக்கும் உன்னை அனுப்பினது நான்தான் ஜசியாரா. அந்த நாலாவது வீட்டுக்கும். அன்னைக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாம எழுந்து போனேன்னு சொன்னேன்ல. முந்தா நாள் உக்காந்து முழுசாப் படிச்சேன். நீ அதுல வாழ்ந்திருக்கே, நான் படிக்கக்கூட மாட்டேன்னா எப்படி?

நீ ஒண்ணுமே உடைக்கல. இதை அச்சுல போடு. என் பேரோட போடு. ‘ஜுல்மீரா அத்தை பொய் சொன்னா’ன்னே எழுது. ஊர்ல என்ன சொல்வாங்கன்னு எனக்காக யோசிக்காதே. லிந்தாவ்ரா முதல் வரிசையில இருந்து திரும்பிப் பாத்தா பாக்கட்டும்.

டிசம்பரைப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

ஆண்டவர் உனக்குப் பலம் குடுக்கணும்.

ஜுல்மீரா


அஞ்சிக்கோ,
செப்டம்பர் 14.

ஜசியாராவுக்கு,

உன்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. என் கடுதாசி தபால்ல தொலஞ்சு போயிருக்குமோன்னு முதல்ல நெனச்சேன். டவுனுக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, “அம்மா, ஆகஸ்ட் பதினொண்ணாந்தேதியே குடுத்தாச்சு, அவங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க”ன்னான். தேதிக்கு முன்னாடியே கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் சந்தோஷம். நீ அந்த வரியை மாத்தினியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. புத்தகம் இந்நேரம் அச்சாகியிருக்கும். இந்த ஊருக்கு அதெல்லாம் வராது. வந்தா வாங்கித் தர்றேன்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க.

மழை இன்னும் பிடிக்கல. காப்பி இந்த வருஷம் சுமார்தான். மாமாவுக்கு முட்டியில ஊசி போட்டாங்க, ரெண்டு நாளைக்குக் குதிரை மாதிரி நடந்தாரு, மறுபடி பழைய கதைதான். இதெல்லாம் உனக்கு வேணுமா வேண்டாமான்னு தெரியல. வேற எப்படி எழுதறதுன்னும் எனக்குத் தெரியல.

புதுச் சாமியார் வந்திருக்காரு, சின்ன வயசு, மோட்டார் பைக்குல வர்றாரு. அவர்கிட்ட எல்லாத்தையும் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். பரிகாரமா மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. மூணேவா சாமின்னேன். போதும்மான்னாரு. ஒரு வாழைப்பழம் வாங்கப் போனாக்கூட இதைவிட ஜாஸ்தி கேப்பாங்க. நான் பாட்டுக்குத் தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன், பாதி உனக்கு, பாதி எட்னால்வாவுக்கு.

அவர்கிட்ட இன்னொண்ணும் கேட்டேன். அந்த ஞானஸ்நானத்தை அழிச்சுட முடியுமா சாமி, அந்தப் பொண்ணுக்கு அது வேண்டாம்னு தோணினா என் பேரைக் கோயில் நோட்டுல இருந்து அடிச்சுட முடியுமான்னு. “பொய் சொல்லி வாங்கினாலும் தலையில தண்ணி விழுந்தது விழுந்ததுதாம்மா. அதைக் கழுவ முடியாது. உங்க பேரு அங்கதான் இருக்கும்”ன்னாரு. எனக்கு அதைக் கேட்டு அழறதா, சந்தோஷப்படறதான்னு தெரியல. கோயிலுக்கு வெளிய வந்து கொஞ்ச நேரம் படியில உக்காந்தேன். உள்ளுக்குள்ள ஒரு மூலையில சந்தோஷப்பட்டேன் ஜசியாரா. அதையும் மறைக்காம உன்கிட்ட சொல்லிடறேன். இவ்வளவுக்கும் அப்புறமும் சந்தோஷப்படுற மனசு எனக்கு. நீ பதில் எழுதாம இருக்கிறது நியாயம்தான்.

உங்கம்மாவோட தங்கச்சி பேரு எனக்குத் தெரியாது. அந்த ரூம்ல எட்னால்வா அவ பேரைச் சொன்னாளான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகத்துக்கு வரல. உனக்குத் தெரிஞ்சா அவதான் உன் ஞானத்தாய்னு நெனச்சுக்கோ. நோட்டுல யார் பேரு இருந்தா என்ன.

இந்தக் கடுதாசியை எழுதிக்கிட்டிருக்கிறப்ப லிந்தாவ்ராவோட ஞானப்பிள்ளை ஒருத்தன் அவ வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினான். நாப்பது வயசு, தொப்பை, தலையில முடி இல்ல. வண்டியில இருந்து இறங்காமலே கையை நீட்டி, “ஆசீர்வாதம், ஞானத்தாயே!”ன்னு கத்தினான். அவ உள்ள துணி அலசிக்கிட்டே, “ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், ஒழுங்கா வண்டி ஓட்டுடா தடியா!”ன்னா. அவன் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டான். கேட்டான், கிடைச்சுது, போயிட்டான். அவ்வளவு லேசான காரியம்.

பிள்ளை கேட்டாத்தான் ஞானத்தாய் குடுக்கணும். அதுதான் முறை. நீ ஞானஸ்நானம் வாங்கின பின்னாடி என்கிட்ட இருந்தது இருபது நாளோ என்னமோ. அந்த இருபது நாளும் காலையில எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து கேட்டே, நான் குடுத்தேன். அதுக்கப்புறம் நீயும் கேக்கல, நானும் யாருக்கும் குடுக்கல. இப்பவும் நீ கேக்கல. கேக்கச் சொல்லி என்னால சொல்லவும் முடியாது.

முறை இல்லதான். முறை இல்லாத காரியம் நான் முன்னாடியும் செஞ்சிருக்கேன். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும் ஜசியாரா. பஸ்ஸுல போறப்ப ஆசீர்வதிக்கட்டும், வேலைக்குப் போறப்ப, வீட்டைப் பூட்டிட்டுப் படுக்கிறப்ப, என்மேல கோவமா இருக்கிறப்பவும் ஆசீர்வதிக்கட்டும். உனக்கு வேண்டான்னா இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடு. எனக்குத் தெரியவா போவுது.

இப்படிக்கு,
அஞ்சிக்கோ ஜுல்மீரா